அடிப்பக்கத்தைப் பாருங்கள், ஊரைக் கேளுங்கள்

திண்டுக்கல்லிலும் நத்தம், வடமதுரை, ஒட்டன்சத்திரம், ஆத்தூர் பக்கமும் வீட்டில் டரான்டுலா வளர்க்கும் தம்பி, தங்கையருக்கு,



நீங்கள் அனுப்பும் படங்களில் பெரும்பாலானவை மேலிருந்து எடுத்தவை. மரப்பட்டையில் கால் விரித்துப் படுத்திருக்கும் சாம்பல் நிறச் சிலந்தி, முதுகில் கிளை பிரியும் வெளிர்க்கோடு, காலில் கறுப்பும் வெளுப்புமாகப் பட்டைகள். கூடவே ஒரு கேள்வி: "அண்ணே, இது ரெகாலிஸா, ஃபார்மோசாவா?" நான் பெயர் சொல்லாமல், "அடிப்பக்கப் படம் இருக்கிறதா, எந்த ஊரிலிருந்து வந்தது?" என்று திருப்பிக் கேட்பது உங்களில் சிலருக்கு மனத்தாங்கலாக இருக்கிறது. தெரிந்திருந்தும் சொல்ல மறுக்கிறேன் என்று நினைக்கிறீர்கள். அப்படியில்லை. மேற்புறப் படத்தை மட்டும் பார்த்து இந்தச் சிலந்திகளுக்கு இனப்பெயர் சொல்வது தவறு. அந்தத் தவறு வளர்ப்பவரோடு நிற்காமல் காடு வரை போய்ச் சேர்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட எல்லாருக்குமாக ஒரே மடலில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2021 ஜூலையில் சென்னையில் நடந்ததை முதலில் நினைவூட்டுகிறேன். போலந்திலிருந்து வந்த ஓர் அஞ்சல் பொதியைச் சுங்கத்துறையினர் பிரித்தார்கள். உள்ளே வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய 107 சின்னப் பிளாஸ்டிக் குப்பிகள். குப்பிகளுக்குள் உயிருள்ள சிலந்திகள். போய்ச் சேரவேண்டிய முகவரி அருப்புக்கோட்டை. நம் ஊரிலிருந்து மதுரையைத் தாண்டினால் வந்துவிடும் ஊர். வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவினரும் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்து அறிவியலாளர்களும் வந்து பார்த்தார்கள். அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த பேரினங்களாக இருக்கலாம், பிராகிபெல்மா அதில் ஒன்றாக இருக்கலாம் என்ற சந்தேகம் வரைதான் அவர்களால் சொல்ல முடிந்தது. இறக்குமதி உரிமம் கிடையாது, கால்நடை நலச் சான்றும் கிடையாது. வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பப் பரிந்துரைக்கப்பட்டது.

அன்று பலரும் கடத்தலைப் பற்றிப் பேசினார்கள். என்னை நிறுத்தியது வேறு. வாழ்நாள் முழுக்க இதையே படித்தவர்கள், சிலந்தியையே கண்முன் வைத்துக்கொண்டு, பேரினத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். குஞ்சு விற்பவர்களோ குப்பிக்குக் குப்பி இனப்பெயர் எழுதி, பெயருக்குத் தகுந்தபடி விலையும் வைக்கிறார்கள். இந்த இரண்டு தரப்பில் யாரை நம்புவது என்பதுதான் உங்கள் முன் இருக்கும் கேள்வி.

உங்களுக்குப் பிடித்தமான, நீங்கள் "போக்கி" என்று சுருக்கிச் சொல்லும் பொசிலோதீரியாவுக்கு வருகிறேன். உலகத்தில் இந்தப் பேரினம் இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான் உண்டு. எல்லாம் சேர்த்தாலும் பதினைந்து இனங்களுக்குப் பக்கத்தில்தான் வரும். அமேசானையோ மெக்சிகோவையோ தேடிப்போக வேண்டியதில்லை. உலகமே ஆசைப்பட்டு வளர்க்கும் மரச்சிலந்திகளில் ஒரு பங்கு நம் தமிழ்நாட்டுப் புளிய மரப் பொந்துகளைச் சேர்ந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது. உங்களுக்கும் இருக்கவேண்டும்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மேற்புறம் ஏறக்குறைய ஒரே சாயல். பகலில் மரப்பட்டையோடு பட்டையாக மறைந்து கிடக்கவேண்டிய உயிர். அதற்கேற்ற சாம்பல், பழுப்பு, கறுப்புக் கோலம்தான் பெரும்பாலான இனங்களுக்கு வாய்த்திருக்கிறது. வேறுபாடு அடிப்பக்கத்தில் இருக்கிறது. சீண்டினால் முன்னங்கால்களைத் தூக்கிக் காட்டுகிறதே, அப்போது பளிச்சென்று தெரியும் மஞ்சளும் கறுப்பும்தான் இனத்தைச் சொல்லும் எழுத்து. முதல் ஜோடிக் காலின் அடியில் எந்தக் கணுவில் மஞ்சள் தொடங்குகிறது, கறுப்புப் பட்டை எவ்வளவு அகலம், அது கணுவின் நடுவிலா ஓரத்திலா, நான்காவது ஜோடிக் காலில் அதே வரிசை எப்படி மாறுகிறது என்று பார்த்துத்தான் ஆய்வாளர்கள் பிரிக்கிறார்கள். ரெகாலிஸுக்கு இன்னொரு அடையாளம் உண்டு. அதன் வயிற்றின் அடியில் குறுக்காக ஒரு வெளிறிய தோல் நிறப் பட்டை ஓடும். ஃபார்மோசாவில் அது இல்லை. ஆக, "ரெகாலிஸா, ஃபார்மோசாவா" என்ற உங்கள் கேள்விக்கு மேலிருந்து எடுத்த நூறு படங்கள் சொல்லாத பதிலை அடிவயிற்றின் ஒரே படம் சொல்லிவிடும்.

அந்தப் படத்துக்காகச் சிலந்தியைக் கையில் எடுக்கவோ, குச்சியால் புரட்டவோ வேண்டாம். அது கண்ணாடிப் பெட்டிச் சுவரில் ஏறும் வரை காத்திருங்கள். இரவில் கட்டாயம் ஏறும். வெளியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

வளர்ந்த சிலந்திக்குத்தான் இதெல்லாம். குஞ்சில் இந்தப் பட்டைகள் தெளிவாகத் தெரியாது. பல முறை தோலுரித்த பிறகுதான் நிறம் நிலைக்கும். விற்பனை நடப்பதோ குஞ்சாக இருக்கும்போது. அடையாளம் காணவே முடியாத வயதில் பெயர் ஒட்டப்பட்டு, அடையாளம் காண முடிகிற வயது வரும்போது யாரும் திரும்பிச் சரிபார்ப்பதில்லை. என்னைக் கேட்டால் இந்த வளர்ப்பு உலகத்தின் பெரிய ஓட்டை இதுதான்.

ஆண் சிலந்தி இன்னொரு குழப்பம். கடைசித் தோலுரிப்புக்குப் பின் அது மெலிந்து, கால் நீண்டு, நிறம் மங்கிவிடும். அதே இனத்துப் பெண்ணின் பக்கத்தில் வைத்தால் வேறு இனம் என்றே தோன்றும். முன்னங்காலில் கொக்கி இருக்கிறதா என்று பார்த்து ஆணைக் கண்டுபிடிக்கும் வழக்கம் அமெரிக்கச் சிலந்திகள் பலவற்றுக்குப் பொருந்தும். பொசிலோதீரியா ஆணுக்கு அந்தக் கொக்கி கிடையாது. கொக்கி இல்லை, ஆகவே பெண் என்று முடிவு செய்துவிட்டுப் பத்து வருடம் வாழும் என்று காத்திருந்தவர்கள் உண்டு. ஆண் முதிர்ந்த பிறகு சில மாதங்கள்தான் இருக்கும்.

அடுத்தது ஊர். நான் ஊரைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது.

இந்த இனங்களில் பலவற்றுக்குப் பெயர் வைத்தவர் லண்டன் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த ஆர். ஐ. போகாக். 1899இல் அவர் எழுதிய ஒரே கட்டுரையில் ரெகாலிஸ், ஃபார்மோசா, மெட்டாலிகா, ருஃபிலாட்டா என்று நான்கும் அறிமுகமாயின. ரெகாலிஸ் அரக்கோணத்திலிருந்து போனது, ஃபார்மோசா சேலம் பகுதியிலிருந்து போனது. மெட்டாலிகாவின் கதைதான் நம் விஷயத்துக்கு முக்கியம். நீல நிறம் மின்னும் அந்தச் சிலந்தி, ஆந்திரத்தில் கூட்டி என்ற ரயில் சந்திப்பு ஊரில், ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்தது. வளர்ப்பவர்கள் இன்றும் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் அதை அழைக்கிறார்கள். ஆனால் அது அந்த ஊர்ச் சிலந்தியே அல்ல. எங்கோ காட்டில் வெட்டிய மரத்தின் பொந்துக்குள் இருந்தபடியே ரயில் ஏறி வந்து இறங்கியிருக்கிறது. அதன் பிறகு நூறு வருடத்துக்கு மேல் யார் கண்ணிலும் படவில்லை. 2001இல் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில், கூட்டியிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தள்ளி, மீண்டும் கண்டுபிடித்தார்கள். இன்று அது அற்றுப்போகும் விளிம்பில் உள்ள இனமாகச் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. சரியான ஊர் தெரியாமல் போனதால் ஓர் இனத்தைக் காப்பாற்ற யோசிக்கவே ஒரு நூற்றாண்டு தாமதமாகிவிட்டது.

ஆகவே "எந்த ஊர்" என்று கேட்கும்போது, எந்த ஊரில் கைக்கு வந்தது என்பதோடு, அந்த ஊருக்கு எப்படி வந்தது என்பதையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். திண்டுக்கல்லுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். நம் மேற்கே பழனி மலை, அது மேற்குத் தொடர்ச்சி மலையின் கிளை. கிழக்கே சிறுமலை, அதைக் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியோடு சேர்த்துச் சொல்வார்கள். ஸ்ட்ரையேட்டாவும் ருஃபிலாட்டாவும் மேற்குத் தொடர்ச்சிக்கு உரியவை. ஃபார்மோசா சேலத்துப் பக்கம். ரெகாலிஸ் இரண்டு பக்கமும் உண்டு. இரண்டு மலைத் தொடருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் சமவெளி இது. கேரளத்திலிருந்து தடி ஏற்றிய லாரியும், வடக்கிலிருந்து வரும் லாரியும் நம் புறவழிச் சாலையில்தான் கடந்து போகின்றன. மரக்கடையில் ஒரு சிலந்தி கிடைத்தால் "திண்டுக்கல் சிலந்தி" என்று எழுதிவிடாதீர்கள். எந்த மரம், எந்த லோடு, எங்கே வெட்டியது என்று கடைக்காரரிடம் கேட்டு அதையும் எழுதுங்கள்.

ராமேசுவரத்துச் சிலந்தியை உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஹனுமவிலாசுமிகா என்று 2004இல் ஆண்ட்ரூ ஸ்மித் பெயர் வைத்தார். அது கிடைத்த கோயிலின் பெயரே அதற்கு வாய்த்தது. ராமேசுவரம் தீவிலும் எதிர்க்கரையில் மண்டபம் பக்கமும் புளியந்தோப்புகளில் வாழ்கிறது. பின்னாளில் கடலுக்கு அப்பால் மன்னாரிலும் பார்த்திருக்கிறார்கள். இதுவும் மிக ஆபத்தான நிலையில் உள்ள இனம். மேலிருந்து பார்த்தால் சாதாரணமான ஒரு போக்கிதான். தோப்பை வெட்டிய இடத்தில் ஒருவர் அதை எடுத்து "ரெகாலிஸ்" என்று நினைத்து இன்னொருவருக்குக் கொடுத்தால், அங்கே அந்த இனம் இருந்தது என்ற தடயமே அழிந்துபோகும். இதையெல்லாம் நினைத்தால் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

இலங்கை வடக்கில் மாங்குளத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அங்கே கிடைத்த ஒரு பெரிய சிலந்தியை ரணில் நாணயக்காரவும் அவர் குழுவினரும் அவசரப்படாமல் பார்த்தார்கள். கால்களின் அடிப்பக்கப் பட்டைகளை மற்ற இனங்களோடு ஒப்பிட்டுவிட்டு, 2012இல் ரஜேயி என்ற புதிய இனமாக அறிவித்தார்கள். தேடலில் உடன் வந்து உதவிய ஒரு காவல்துறை அதிகாரியின் பெயரை அதற்கு வைத்தார்கள். தெரிந்த பெயர் ஒன்றை அதன் மேல் ஒட்டி வைத்திருந்தால் அது இன்னும் கொஞ்ச காலம் கண்ணுக்குத் தெரியாமலே இருந்திருக்கும்.

பெயர்கள் பிரிவது போலவே சேர்வதும் உண்டு. பெடர்சேனி என்று பல வருடம் விற்ற இலங்கைச் சிலந்தியும் விட்டாட்டாவும் ஒன்றே என்று 2013இல் முடிவு செய்தார்கள். இன்னமும் இரண்டு பெயரிலும் வாங்கி, இரண்டு பெட்டியில் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

அந்நியச் சிலந்தி வைத்திருப்பவர்களும் கவனியுங்கள். மெக்சிகோவின் சிவப்பு முழங்கால் சிலந்தியை உலகம் முழுக்க ஸ்மித்தி என்று சொல்லி வளர்த்தார்கள். 2017இல் மெண்டோசாவும் ஃபிராங்கேயும் பிராகிபெல்மா பேரினத்தைச் சேர்ந்த அந்தக் குழுவை முழுதாக ஆராய்ந்தபோது, வீடுகளில் ஸ்மித்தி என்று இருந்தவற்றில் பெரும்பகுதி ஹமோரி என்ற வேறு இனம் என்று தெளிந்தது. இரண்டுக்கும் நடுவில் பால்சாஸ் என்ற ஆற்றுப் பள்ளத்தாக்கு ஓடுகிறது; வடபுறம் ஒன்று, தென்புறம் ஒன்று. வெளித்தோற்றத்தில் கண்டுபிடிப்பது கடினம். நாகல் நகரில் செய்யும் இரண்டு பூட்டுகள் முகத்தில் ஒரே மாதிரி இருந்து உள்ளே லீவரில் மாறுவது போல, பெண்ணின் விந்துப்பை வடிவத்தில் உறுதியான வேறுபாடு உண்டு. அதைச் சிலந்தியைக் கொல்லாமலே பார்க்கலாம். உரித்த தோலை சோப்புக் கலந்த தண்ணீரில் ஊறவைத்து மெதுவாக விரித்து, வயிற்றின் உட்புறத்தைச் சாதாரண மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் போதும். கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் அந்தக் கருவி இருக்கும். மரியாதையாகக் கேட்டால் பேராசிரியர்கள் மறுக்கமாட்டார்கள்.

ஆகவே உரித்த தோலை ஒருபோதும் குப்பையில் போடாதீர்கள். உலர்த்தி, சிறு டப்பாவில் போட்டு, எந்தச் சிலந்தி, எந்தத் தேதி என்று பென்சிலில் எழுதி வையுங்கள். காலின் ரோமப் பட்டைகள் அந்தத் தோலிலும் தெரியும். ஐந்து வருடத் தோல் வரிசை கையில் இருந்தால் எந்த ஆய்வாளரிடமும் நீங்கள் நிமிர்ந்து பேசலாம்.

இனம் உறுதியாகாத சிலந்திகளை இணை சேர்க்காதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். நெருங்கிய இனங்கள் அடைப்பில் இணைந்து குஞ்சு போடக்கூடும். ஒரு முட்டைப்பையிலிருந்து ஏராளமான குஞ்சுகள் வரும், அவை கை மாறும், இரண்டாம் கையில் ஒரு பெயர், மூன்றாம் கையில் வேறொரு பெயர். பிறகு எந்த அடிப்பக்கப் படமும் உதவாது, ஏனென்றால் அந்தப் பட்டைகளே கலந்துபோயிருக்கும். மெட்டாலிகா இன்று வெளிநாடுகளில் தாராளமாகக் கிடைப்பதற்கு வளர்ப்பவர்களின் பொறுமைதான் காரணம்; காட்டிலிருந்து பிடிக்கவேண்டிய தேவை அதனால் குறைந்தது. அந்தப் பொறுமையில் பாதி, பெயரையும் வழித்தோன்றலையும் ஒழுங்காக எழுதி வைத்ததுதான். டப்பாவில் "பொசிலோதீரியா, இனம் உறுதியில்லை" என்று எழுத வெட்கப்படாதீர்கள். அது நேர்மையான பெயர். கைக்கு வந்த தேதியையும் கொடுத்தவரையும் வந்த இடத்தையும் அதன் கீழே எழுதிவிட்டால் நீங்கள் செய்யவேண்டியது முடிந்தது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அழியும் ஆபத்திலுள்ள உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தமான சைட்டிஸின் மாநாட்டில், 2019இல் ஜெனீவாவில், பொசிலோதீரியா முழுவதும் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தது. இந்த இனம், அந்த இனம் என்று பிரிக்காமல் முழுப் பேரினமும். விமான நிலையத்தில் குப்பியைப் பிரித்துப் பார்க்கும் அதிகாரியால் குஞ்சை வைத்து இனம் பிரிக்க முடியாது என்பது உங்களுக்கே இப்போது புரியும். பிராகிபெல்மா அதற்கும் வெகு முன்பே பட்டியலில் ஏறிவிட்டது. இந்தியாவில் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் சைட்டிஸ் பட்டியல் உயிர்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் கொண்டு வந்தது. 2024ஆம் ஆண்டு விதிகளின்படி அவற்றை வைத்திருப்பவர் பரிவேஷ் இணைய வாயிலில் பதிவு செய்யவேண்டும். பதிவில் இனப்பெயர் கேட்பார்கள். விற்றவர் சொன்ன பெயரை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டால், அதன் பொறுப்பு உங்கள் தலையில்தான் விழும். காப்புக்காட்டிலிருந்து எதையும் எடுப்பது தனிக் குற்றம். சிறுமலைப் பொந்தில் பார்த்ததைப் பொந்திலேயே விட்டுவிடுங்கள்.

கடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்கச் சிலந்திகள் பல வயிற்று ரோமத்தை உதிர்த்துத் தற்காத்துக்கொள்ளும். நம் ஊர் இனங்களுக்கு அந்த ரோமம் கிடையாது, பல்லும் வேகமும்தான் உண்டு. பொசிலோதீரியா கடித்தால் கடும் வலியும் தசைப்பிடிப்பும் வரும், தசைப்பிடிப்பு நாள்கணக்கில் திரும்பத் திரும்ப வந்ததாகப் பதிவுகள் உண்டு. யாரும் இறந்ததாக உறுதியான பதிவு இல்லை. கடித்தால் பச்சிலை கட்டிக்கொண்டு வீட்டில் படுத்திருக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள், என்ன பேரினம் கடித்தது என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வேறு இனத்தின் பெயரைச் சொல்லி வாங்கிய சிலந்தியாக இருந்தால் அங்கேயும் அந்தத் தவறான பெயர் உங்களோடு வரும்.

இன்னொன்று. வீட்டுச் சுவரில் ஓடும் தட்டையான பெரிய எட்டுக்கால் பூச்சியைப் பிடித்து "குட்டி டரான்டுலா" என்று அனுப்புகிறீர்கள். அது வேட்டைச் சிலந்தி. கால்களை நண்டு மாதிரி பக்கவாட்டில் வைத்திருக்கும்; அதன் பற்கள் குறுக்கே ஒன்றையொன்று நோக்கி மூடும். டரான்டுலாவின் பற்கள் இணையாகக் கீழ்நோக்கி இறங்கும், எட்டுக் கண்ணும் நடுவில் ஒரு சிறு மேட்டில் குவிந்திருக்கும். வேட்டைச் சிலந்தி உங்கள் வீட்டுக் கரப்பான்களைத் தின்கிறது. விட்டுவிடுங்கள்.

கடைசியாக, உங்களால் மட்டுமே முடிகிற ஒரு வேலையைக் கேட்கிறேன். உங்களுக்கு இரவில் டார்ச் அடித்து மரப்பொந்து பார்க்கத் தெரியும். வேறு யாருக்கும் அந்தக் கண் இல்லை. அய்யலூர்ப் பக்கம் தேவாங்குக்காக 2022இல் கடவூர் சரணாலயம் வந்தது. அந்த வறண்ட காடுகளில் தேவாங்கு இருக்கிறது என்பதை இரவில் போய்ப் பார்த்து எழுதி வைத்தவர்கள் இருந்ததால்தான் அது நடந்தது. சிலந்திக்கு அப்படி எழுதி வைக்க நம் மாவட்டத்தில் ஆள் வேண்டும். சாலையோரத்திலும் தோப்பிலும் பொந்துள்ள பழைய புளிய மரங்களைப் பாருங்கள். சிலந்தி தெரிந்தால் தொடாமல் படம் எடுங்கள். மரத்தின் வகை, பொந்து தரையிலிருந்து எவ்வளவு உயரம், இடம், தேதி எல்லாம் குறியுங்கள். அந்த மரத்துக்கு வெட்டுவதற்கான எண் எழுதியிருந்தால், ஆட்சியர் தலைமையில் இயங்கும் மாவட்டப் பசுமைக் குழுவுக்குப் படங்களோடு மனு எழுதுங்கள். எழுத உதவி வேண்டுமானால் என்னிடம் வாருங்கள், கூட உட்கார்ந்து எழுதித் தருகிறேன். அந்தப் படங்களில் அடிப்பக்கம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

அன்புடன்,
திண்டுக்கல்லிலிருந்து உங்கள் அண்ணன்